அளவுகோலின் மறுமுனை



"பல்கலைக்கழக மாணவர்களின் புள்ளியியல் மனப்பான்மையை அளத்தல்" என்ற தலைப்பில் நடக்கும் கருத்தரங்குக்குத் தலைமை தாங்க வேண்டும் என்று கேட்டபோது சற்றுத் தயங்கினேன். வாழ்நாள் முழுவதும் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மாணவர்களுக்கு அந்தப் பாடத்தின் மேல் ஏற்பட்ட நல்லெண்ணத்திலும் வெறுப்பிலும் எனக்குப் பங்கு உண்டு. சமைத்தவனையே கூப்பிட்டுச் சாப்பாடு எப்படி இருந்தது என்று தீர்ப்புச் சொல்லச் சொல்வதுபோல் இருக்கிறது இந்த ஏற்பாடு. ஆனால், யோசித்துப் பார்த்தால் இன்று நான் பேச வேண்டிய பொருளே அதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் கல்வியியல் முதுகலை வகுப்பு ஒன்றில் மனப்பான்மைப் படிவத்தை நீட்டினேன். முன்வரிசையில் இருந்த மாணவி கேட்டார்: "பேர் எழுதணுமா சார்?" வேண்டாம் என்றேன். வகுப்பில் ஒரு நிம்மதி பரவியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, பருவ முடிவில் இதே படிவத்தை மறுபடி கொடுத்து யார் எவ்வளவு மாறியிருக்கிறார் என்று பார்க்க வேண்டுமே, அடையாளம் இல்லாமல் இரண்டையும் எப்படிப் பொருத்துவது? "பேர் வேண்டாம், ரோல் நம்பர் மட்டும் போடுங்க" என்றேன். வகுப்பே சிரித்தது. சிரித்துவிட்டு எல்லோரும் ஒழுங்காக எழுதிக் கொடுத்தார்கள். அன்று வந்த படிவங்களில் புள்ளியியலை வெறுப்பவர் ஒருவர்கூட இல்லை. இன்டெர்னல் மார்க் போடுகிறவன் கையில் ரோல் நம்பரோடு கொடுக்கும் தாளில் வேறு என்ன எழுதுவார்கள்?

அளவுகோலுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனையில் மாணவர் இருக்கிறார். மறுமுனையில் கேள்வியை எழுதியவர், மொழிபெயர்த்தவர், வகுப்பில் நின்று தாளை வாங்கியவர், கூட்டிக் கழித்தவர், அதாவது நாம் இருக்கிறோம். முதல் முனையைப் பற்றி இந்த இரண்டு நாள்களில் பல கட்டுரைகள் வாசிக்கப்பட உள்ளன. மறுமுனையைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுமதி கொடுங்கள்.

மனதில் இருப்பதை எண்ணால் சொல்ல முடியுமா என்பது ஒரு காலத்தில் பெரிய வழக்கு. முடியும் என்று 1928இல் கட்டுரைத் தலைப்பிலேயே அடித்துச் சொன்னவர் அமெரிக்க உளவியலாளர் லூயி தர்ஸ்டன். அவருடைய வழி கடினமானது. ஒரு பொருளைப் பற்றிய கூற்றுகளை ஏராளமாகத் திரட்ட வேண்டும். நடுவர்கள் பலர் அவற்றை மிகச் சாதகம் முதல் மிகப் பாதகம் வரை 11 குவியல்களாகப் பிரிக்க வேண்டும். அந்தப் பிரிப்பிலிருந்து ஒவ்வொரு கூற்றுக்கும் ஓர் எடை கிடைக்கும். நான்கு ஆண்டுகள் கழித்து, 1932இல், ரென்சிஸ் லிக்கர்ட் ஒரு குறுக்குவழி காட்டினார். நடுவர்கள் வேண்டாம், பதில் சொல்பவரிடமே முழு உடன்பாடு முதல் முழு மறுப்பு வரை ஐந்து படிகளைக் கொடுத்து, 1 முதல் 5 வரை எண் போட்டுக் கூட்டிவிட்டால் போதும் என்றார். அவர் பெயரை லிக்கர்ட் என்றுதான் உச்சரித்தார். நம் ஊருக்கு வருவதற்குள் லைக்கர்ட் ஆகிவிட்டார். குறுக்குவழி ராஜபாட்டை ஆயிற்று. இன்று எம்.எட். ஆய்வேடுகளில் அது இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

புள்ளியியல் பாடத்துக்கென்றே ஓர் அளவுகோல் வர 1980 ஆயிற்று. ராபர்ட்ஸும் பில்டர்பேக்கும் 33 கூற்றுகளில் அமைத்தார்கள். 1985இல் ஸ்டீவன் வைஸ் அதில் ஒரு குறை கண்டார். அந்தக் கூற்றுகளில் பல, மாணவர் கணக்கை எவ்வளவு நன்றாகப் போடுகிறார் என்பதைத்தான் கேட்கின்றன. முதல் நாள் வகுப்பில் உட்காருபவருக்கு அவை பொருந்தாது என்றார். துறையைப் பற்றிய எண்ணம், தான் படிக்கும் பாடத்தைப் பற்றிய எண்ணம் என்று இரண்டாகப் பிரித்து 29 கூற்றுகளில் வேறொன்று செய்தார். அதே ஆண்டில் குரூஸ், கேஷ், போல்டன் மூவரும் புள்ளியியல் பதற்றத்தை அளக்க 51 கூற்றுகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். அதற்கு ஆறு கூறுகள். ஒன்று, உதவி கேட்கப் பயம். இன்னொன்று, புள்ளியியல் ஆசிரியரைக் கண்டால் பயம். ஆறில் ஒன்று முழுக்க நம்மைப் பற்றியது என்பதை இந்த அவையில் பணிவோடு பதிவு செய்கிறேன்.

இன்று உலகெங்கும் அதிகம் புழங்குவது கேன்டஸ் ஷாவும் சகாக்களும் 1995இல் 28 கூற்றுகளோடு வெளியிட்டு, 2003இல் 36 ஆக வளர்த்த அளவுகோல். உணர்வு 6, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை 6, பாடத்தின் பயன்மதிப்பு 9, கடினம் 7, ஆர்வம் 4, முயற்சி 4 என்று அதன் கூறுகள். விடை ஏழு படிகளில். பருவத் தொடக்கத்துக்கு ஒரு வடிவம், முடிவுக்கு ஒரு வடிவம். நன்றாகச் சிந்தித்துச் செய்த கருவி. ஆனாலும் இதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. எண் உயர்ந்தால் மனப்பான்மை சாதகம் என்று எல்லாக் கூறுகளும் ஒரே திசையில் திருப்பப்பட்டிருக்கின்றன. ஆகவே 'கடினம்' என்ற கூறில் அதிக எண் வாங்கியவர், பாடம் எளிது என்று நினைப்பவர். தலைப்பை மட்டும் பார்த்து "மாணவர்கள் புள்ளியியலைக் கடினமாக உணர்கின்றனர்" என்று முடிவுரை எழுதினால் கதையே தலைகீழாகிவிடும்.

இந்தக் கருவிகளைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது வேறு சில வழுக்கல்கள் சேர்ந்துகொள்கின்றன. 'கஷ்டம்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். "கணக்கு கஷ்டமா இருக்கு" என்று ஒரு மாணவர் சொன்னால், பாடத்தின் கடுமையைச் சொல்கிறாரா, தான் படும் பாட்டைச் சொல்கிறாரா? நம் வழக்கில் இரண்டும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. மூல அளவுகோலோ கடினத்தையும் உணர்வையும் இரண்டு தனிக் கூறுகளாக வைத்திருக்கிறது. 'பயம்' என்றால் அதில் பக்தியும் கொஞ்சம் கலந்திருக்கும். வாத்தியாரிடம் பயம் உள்ள பையன் என்பது நம் ஊரில் பாராட்டு. இலங்கைத் தமிழில் தேர்வு மதிப்பெண்ணுக்கே 'புள்ளி' என்று பெயர். பாடத்தின் பெயர் புள்ளிவிபரவியல். அங்கே ஒரு மாணவரிடம் இந்தப் பாடத்தைக் கேட்டால் பாடத்துக்கு முன்னால் பரீட்சை நினைவுக்கு வருமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆராய வேண்டிய சந்தேகம்.

இதைவிட நுட்பமான சிக்கல் எதிர்மறைக் கூற்றுகளில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தலையாட்டுபவரைப் பிடிப்பதற்காகக் கணிசமான கூற்றுகளை எதிர்மறையாக எழுதுவது இந்தக் கருவிகளின் வழக்கம். தமிழில் வினை கடைசியில் வரும். மறுப்பு அந்த வினையின் வாலில் ஒட்டியிருக்கும். "புள்ளியியல் என் வேலைக்குப் பயன்படும்", "புள்ளியியல் என் வேலைக்குப் பயன்படாது" என்ற இரண்டு வாக்கியங்களையும் வேகமாகப் படித்துப் பாருங்கள். கடைசி எழுத்துகள்வரை இரண்டும் ஒன்றே. முப்பத்தாறு கூற்றுகளைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய மாணவர் அந்த வாலைப் பார்ப்பாரா? பார்த்தாலும், 'பயன்படாது' என்பதற்கு 'உடன்படவில்லை' என்று குறிக்க, மறுப்பை மறுக்க வேண்டும். "புரியலையா?" என்றால் "ஆமா, புரியலை" என்று ஆமாம் போட்டு மறுப்பை உறுதி செய்வது நம் பேச்சு. இந்தத் தடுமாற்றமெல்லாம் விடைத்தாளில் பதிவாகும். பிறகு காரணிப் பகுப்பாய்வு செய்யும்போது எதிர்மறைக் கூற்றுகள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு தனிக் காரணியாக நிற்கும். நாமும் மகிழ்ந்து அதற்கு 'எதிர்மறை மனப்பான்மை' என்று பெயர் சூட்டுவோம். அது மாணவர் மனத்தின் காரணியாக இருக்கலாம். நம் வாக்கிய அமைப்பின் காரணியாகவும் இருக்கலாம்.

ஆகவே மொழிபெயர்த்ததும் வல்லுநர் மூவரிடம் கையெழுத்து வாங்கி நிறுத்திவிடாதீர்கள். பத்து மாணவர்களைத் தனித்தனியே உட்கார வைத்து, ஒவ்வொரு கூற்றையும் படித்து என்ன புரிந்தது என்று அவரவர் சொல்லில் சொல்லச் சொல்லுங்கள். ஒரு பிற்பகல் போதும். அதில் தெரிய வருவது, பிறகு ஐந்நூறு பேரிடம் வாங்கிய தரவைப் புரட்டினாலும் தெரியாது.

அடுத்து, கணக்குப் போடும் இடம். வகுப்பில் நாம் கூடாது என்று சொல்லிக்கொடுப்பதை எல்லாம் இங்கே நாமே செய்கிறோம் என்பது என் குற்றச்சாட்டு. குற்றவாளிகளில் நானும் ஒருவன்.

முதலாவது சராசரி. ஸ்டான்லி ஸ்டீவன்ஸ் 1946இல் அளவைகளை நான்கு வகையாகப் பிரித்ததை முதல் வாரமே நடத்துகிறோம். வரிசை அளவையில் படிகளுக்கு இடையே உள்ள தூரம் சமம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று இரண்டு மார்க் கேள்வியும் கேட்கிறோம். பிறகு ஏழு படி விடைகளைக் கூட்டிச் சராசரி 4.00 என்று அட்டவணை போடுகிறோம். பல கூற்றுகளைக் கூட்டும்போது சராசரிக்கு நியாயம் உண்டு என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் பரவலைக் காட்டாத சராசரியை ஏற்க மாட்டேன். வகுப்பில் எல்லோரும் 4 என்று குறித்தாலும் சராசரி 4. பாதிப் பேர் 1, மீதிப் பாதி 7 என்று குறித்தாலும் சராசரி 4. முதல் வகுப்பு தூங்குகிறது. இரண்டாவது வகுப்பில் கலகம் நடக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்தா?

இரண்டாவது, நம்பகத்தன்மை. 1951இல் குரோன்பாக் விளக்கிய ஆல்ஃபா, நம் ஆய்வேடுகளில் தரச் சான்றிதழாகவே மாறிவிட்டது. ஒரு சின்னக் கணக்கு. கூற்றுகளுக்கு இடையே சராசரி ஒட்டுறவு 0.3 என்று வைத்துக்கொள்வோம். 4 கூற்றுகள் இருந்தால் ஆல்ஃபா 0.63. அதே தரத்தில் 9 கூற்றுகள் இருந்தால் 0.79. 36 இருந்தால் 0.94. கூற்றுகளின் தரம் கூடவில்லை, எண்ணிக்கைதான் கூடியது. "ஆல்ஃபா 0.94, ஆகவே கருவி மிகச் சிறந்தது" என்று எழுதும் ஆய்வாளர் கருவியின் நீளத்துக்குப் பாராட்டு வழங்குகிறார். கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பது ஒரு கேள்வி. அவை அளக்க வந்ததைத்தான் அளக்கின்றனவா என்பது வேறு கேள்வி. இரண்டாவதன் பெயர் ஏற்புடைமை. அதற்கு எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் பொத்தான் இல்லை.

மூன்றாவது, முன்னும் பின்னும் ஒப்பிடுதல். தொடக்கத்தில் மிகக் குறைந்த எண் பெற்ற முப்பது பேரைப் பொறுக்கி, அவர்களுக்குச் சிறப்பு வகுப்பு நடத்தி, முடிவில் எண் உயர்ந்ததைக் காட்டி வெற்றி என்று அறிவிக்கிறோம். 1886இல் பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை வைத்து கால்டன் எழுதியது இதைப் பற்றித்தான். ஓர் அளவையில் அடிமட்டத்தில் இருப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், மறு அளவையில் அவர்கள் சராசரியை நோக்கித் திரும்பவே செய்வார்கள். வகுப்பே எடுக்காமல் டீ வாங்கிக் கொடுத்திருந்தாலும் எண் கொஞ்சம் ஏறியிருக்கும். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் நம் வகுப்பின் பலன் எது, கால்டனின் பலன் எது என்று பிரிக்க முடியாது.

நான்காவது, வராதவர்கள். பருவ இறுதியில் படிவம் நிரப்புபவர் அன்று வகுப்புக்கு வந்தவர். பாடத்தை விட்டவர், அரியர் வைத்துக்கொள்ளலாம் என்று ஒதுங்கியவர், வெளியில் நின்றவர் யாரும் கணக்கில் இல்லை. ஆபிரகாம் வால்டை நினைத்துக்கொள்கிறேன். இரண்டாம் உலகப் போரின்போது, திரும்பி வந்த விமானங்களின் குண்டுத் துளைகளை வைத்துத் திரும்பி வராத விமானங்களின் கதையைக் கணக்கிட்டவர். 1950 டிசம்பரில் இந்தியாவுக்கு விரிவுரைப் பயணம் வந்தபோது நம் நீலகிரி மலையில் விமானம் மோதி மனைவியோடு இறந்தார். அவர் உயிர் போன மண்ணில் இருந்துகொண்டு, வகுப்புக்குத் திரும்பி வந்தவர்களை மட்டும் எண்ணி மனப்பான்மை உயர்ந்துவிட்டது என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, இதுவரை கவனமாகச் செய்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஏறத்தாழ 2,200 மாணவர்களை வைத்து ஷாவும் எம்மியோக்லுவும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பருவம் புள்ளியியல் படித்த பிறகு உணர்வும் தன்னம்பிக்கையும் ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருந்தன என்றும், பயன்மதிப்பும் ஆர்வமும் முயற்சியும் குறைந்தன என்றும் காட்டியது. வரும்போது இருந்த ஆர்வம் போகும்போது இல்லை. இதைப் படித்ததும் என் பழைய வகுப்புகள் நினைவுக்கு வந்தன. அதே ஆண்டில் எம்மியோக்லுவும் சபா-அய்தினும் 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பாடத் தேர்ச்சியோடு உணர்வுக்கும் தன்னம்பிக்கைக்கும் உள்ள ஒட்டுறவு 0.3 அளவு, பயன்மதிப்புக்கும் கடினத்துக்கும் 0.2 அளவு. 0.3ஐ வர்க்கப்படுத்தினால் 0.09. மதிப்பெண்களின் வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காடுதான் இவற்றோடு சேர்ந்து போகிறது. அலட்சியம் செய்யத்தக்கதல்ல, ஆனால் "மனப்பான்மையை மாற்று, மதிப்பெண் தானே வரும்" என்று முழங்கவும் அது போதாது. நன்றாகப் போட்டதால் பிடித்ததா, பிடித்ததால் நன்றாகப் போட்டாரா என்பதையும் ஒட்டுறவு சொல்லாது.

அப்படியானால் இதை ஏன் அளக்க வேண்டும்? மதிப்பெண்ணுக்காக அல்ல என்பேன். உளவியலும் சமூகவியலும் வணிகவியலும் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நம்மிடம் ஒரே ஒரு தாள்தான் படிக்கிறார்கள். சூத்திரங்களை இரண்டு ஆண்டில் மறந்துவிடுவார்கள். மிஞ்சுவது, ஓர் எண்ணைப் பார்த்தால் இது எங்கிருந்து வந்தது என்று கேட்கும் துணிவோ, எண் என்றாலே முகம் திருப்பும் பழக்கமோதான். தரவைத் திரட்டியதும் "நமக்கெதுக்கு இந்த வம்பு" என்று காசு கொடுத்து வெளியில் எஸ்.பி.எஸ்.எஸ். ஓட்டி வாங்கும் ஆய்வு மாணவரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவருக்குச் சூத்திரம் தெரியாமல் இல்லை. அட்டவணையில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பதுகூடத் தெரியும். இது என் வேலை இல்லை என்ற எண்ணம் எப்போதோ விழுந்துவிட்டது. அந்த எண்ணம் எந்த வகுப்பில் விழுந்தது என்று கண்டுபிடிக்கத்தான் இந்தக் கருவி.

கண்டுபிடிக்க ஒரு வழியை இந்தக் கருத்தரங்கின் முன் வைக்கிறேன். புதிதல்ல, நம் நாட்டிலேயே பிறந்தது. 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கிய மகலனோபிஸ், அடுத்த சில ஆண்டுகளில் வங்காளத்தில் சணல் பயிர்க் கணக்கெடுப்பு நடத்தியபோது, களப்பணியாளரின் கையால் வரும் பிழையை எப்படி அறிவது என்று யோசித்தார். ஒரே பகுதியில் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய இரண்டு மாதிரிகளை எடுத்து, இரண்டையும் தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்தார். வயல்கள் ஒரே பகுதியில் கலந்து கிடப்பதால், மாதிரி எடுப்பதில் வரும் தற்செயல் வேறுபாட்டைத் தாண்டி முடிவுகள் விலகினால், அது அளந்தவரின் வேறுபாடு.

நாமும் செய்யலாம். ஒவ்வொரு வகுப்பையும் குலுக்கல் முறையில் இரண்டு பாதியாகப் பிரிப்போம். ஒரு பாதி, பாடம் நடத்தும் ஆசிரியரிடமே படிவத்தைக் கொடுக்கட்டும். மறு பாதி, வேறு கல்லூரியிலிருந்து வந்தவரிடம், மூடிய உறையில் கொடுக்கட்டும். முன்படிவத்தையும் பின்படிவத்தையும் பொருத்த ரோல் நம்பர் வேண்டாம். அம்மாவின் பெயரில் முதல் எழுத்து, தன் கைப்பேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் என்று மாணவரே ஒரு குறியீடு அமைத்துக்கொள்ளலாம். அறுபது பேர் உள்ள ஒரு வகுப்பில் இது போதாது. திட்ட விலக்கம் 1.2 என்று கொண்டால், முப்பதுக்கு முப்பது ஒப்பிடும்போது வேறுபாட்டின் திட்டப்பிழை 0.31 ஆகிவிடும். இங்கே கூடியிருப்பவர்களில் இருபது கல்லூரிகள் சேர்ந்தால் அது 0.07க்கு இறங்கும். அப்போது வரும் வேறுபாடு, மாணவர்கள் நமக்காக எவ்வளவு இனிப்புப் பூசிச் சொல்கிறார்கள் என்பதன் அளவு. இதுவரை நம் ஆய்வேடுகளில் மாணவர் மனப்பான்மை என்று அச்சாகியிருப்பதில் எவ்வளவு நம்மைப் பார்த்து வந்தது என்பதற்கு ஓர் எண் கிடைக்கும்.

அந்த எண் பெரிதாக வந்தால் நமக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். தன் கருவியின் பிழையைத் தானே அளந்து வெளியே சொல்வதுதான் நம் துறையின் ஒழுக்கம். அதை மாணவர்கள் கண்ணெதிரே செய்து காட்டினால், புள்ளியியலின் பயன்மதிப்பைப் பற்றி நான் நடத்தும் பத்து வகுப்புகளைவிட அது அதிகம் சொல்லும்.

அன்று அந்த மாணவி கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்வதாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: "உங்க பேர் வேண்டாம்மா. படிவத்தின் தலையில் நாங்க எழுத வேண்டியதுதான் நிறைய இருக்கு. பாடத்தை யார் நடத்தினது, என்ன மாதிரி பரீட்சை வச்சது, தாளை யார் கையில் வாங்கினது, எத்தனை பேர் வரலைங்கிறது எல்லாம். அதை நாங்க எழுதிக்கிறோம்."

அந்த வரிகளை நிரப்பும் வேலையை இந்த அவையிடம் ஒப்படைத்து, முதல் அமர்வில் கட்டுரை வாசிக்கவிருக்கும் இளம் ஆய்வாளர்களை வாழ்த்தி, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.